தார் ஏன் சிறுக்கிறது?

கேள்வி: கொல்லையில் மொந்தன் வாழை வைத்திருக்கிறேன். முதல் தார் நன்றாக வந்தது. அப்புறம் வரவரச் சிறுத்துவிட்டது. உரம் போதவில்லையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உரத்துக்கு முன்னால் மரத்தின் அடியைப் பாருங்கள். சுற்றிலும் எத்தனை கன்று நிற்கிறது? எல்லாமே தாயின் சாப்பாட்டைத்தான் பங்கு போடுகின்றன. எங்கள் கிணற்றடி மொந்தனில் மாதம் ஒருமுறை கன்றுகளை மண்மட்டத்தில் அறுத்துவிடுவேன். தாய் பூத் தள்ளிய பிறகுதான் ஒரே ஒரு கன்றை விடுவேன், அதுவும் ஒடுங்கிய இலையுள்ள ஈட்டிக் கன்றாகப் பார்த்து. சிறுசிலேயே அகன்ற இலை விரிக்கும் கன்று பார்க்கத்தான் அழகு. கிழங்கில் பலம் இருக்காது.

விசேஷம், விருந்து என்று இலையையெல்லாம் அறுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. பூத் தள்ளும்போது 8, 10 இலையாவது பச்சையாக இருந்தால்தான் காய் திரளும். கடைசிச் சீப்பு விரிந்ததும் பூவை ஒடித்துச் சமைத்துவிடுங்கள். விறகுச் சாம்பல் கிடைத்தால் அடியில் போடுங்கள். வாழைக்குச் சாம்பல் சத்து நிறைய வேண்டும்.

தார் வெட்டிய மரத்தை உடனே சாய்க்க வேண்டாம், அதன் சத்து கன்றுக்கு இறங்கும். தண்டில் துளையும் பிசினும் தெரிந்தால் மட்டும் வெட்டி அப்புறப்படுத்துங்கள். அது கூன்வண்டின் வேலை.