தரையிறக்கக் கப்பலை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் ஹைட்ராலிக் சிலிண்டர், வால்வு செய்யும் சிறு பட்டறை நடத்துகிறேன். இதுவரை டிப்பர் லாரி, பம்பு ஆர்டர்கள்தான். கடற்படைக்குப் பெரிய தரையிறக்கக் கப்பல்கள் (வீரர்களையும் வண்டிகளையும் கொண்டுபோய்க் கரையில் இறக்குபவை) வாங்க 79,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று படித்ததும், கடன் போட்டு இரண்டு சி.என்.சி இயந்திரம் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் என் மகன், "அமெரிக்க மரைன் படையே டாங்கிகளைக் கைவிட்டு ஏவுகணைக்கு மாறிவிட்டது, இனி அந்த மாதிரிக் கப்பலுக்கே வேலை இல்லை" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள். ஆனால் உங்கள் மகன் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலில் அந்தத் தொகை. 2025 அக்டோபரில் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் ஒப்புதல் தந்த சுமார் 79,000 கோடி ரூபாய், முப்படைகளின் பல திட்டங்களுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. கடற்படைப் பங்கிலேயே பீரங்கி, இலகுரக டார்பிடோ என்று வேறு இனங்களும் உண்டு. தரையிறக்கக் கப்பல் அவற்றில் ஒன்று. அடுத்து, அந்த ஒப்புதல் என்பது ஆர்டர் இல்லை. 'இது நமக்குத் தேவைதான்' என்று அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதற்குப் பிறகு கப்பல் தளங்களிடம் விலைப்புள்ளி கேட்க வேண்டும், தொழில்நுட்ப மதிப்பீடு நடக்க வேண்டும், விலை பேச வேண்டும், பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் ஒப்பந்தம். இப்போது கடன் வாங்குவது, பெண் பார்த்துவிட்டு வந்ததுமே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது போன்றது.

இந்தக் கப்பலின் பழைய கதையைப் பார்த்தால் என் தயக்கம் புரியும். நான்கு கப்பல்களுக்கு 2013-லேயே டெண்டர் விட்டார்கள். இழுத்துக்கொண்டே போய் 2020-ல் அது திரும்பப் பெறப்பட்டது. 2021-ல் மறுபடியும் முதலிலிருந்து, கப்பல் தளங்களிடம் தகவல் கேட்பதில் தொடங்கினார்கள். 2013-ஐ நம்பி யாராவது இயந்திரம் போட்டிருந்தால், அந்தக் கடன் முழுவதும் கட்டி முடிந்து இயந்திரமும் பழசாகியிருக்கும்.

இனி உங்கள் மகனின் கேள்வி. பாதி சரியாகச் சொல்கிறார்.

மரைன் படை என்பது கடல்வழியாகப் போய்க் கரையில் இறங்கிச் சண்டையிடும் அமெரிக்கப் படை. அதன் தளபதியாக 2019-ல் பொறுப்பேற்ற டேவிட் பெர்ஜர், 2020 மார்ச்சில் ஒரு மாற்றத் திட்டத்தை வெளியிட்டார். டாங்கிகள் முழுவதும் போகும். குழல் பீரங்கிப் பிரிவுகள் 21-லிருந்து 5 ஆகும். அந்தப் பணத்தில் ஏவுகணைப் பிரிவுகளும் ஆளில்லா விமானங்களும் வரும். சொன்னதில் டாங்கிகளை விரைவிலேயே தரைப்படையிடம் ஒப்படைத்தும்விட்டார்கள்.

காரணம் சீனாவின் ஏவுகணைகள். பெரிய கப்பல் கூட்டம் ஒன்று கரைக்கு அருகே வந்து நின்று, அலை அலையாக வீரர்களை இறக்கும் பழைய முறைக்கு, அந்தக் கப்பல்கள் அங்கே நிற்க முடிய வேண்டும். கரையில் மறைத்து வைத்த ஒரு லாரியிலிருந்து கிளம்பும் ஏவுகணை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் காலத்தில் அது பெரும் சூதாட்டம். 2022 ஏப்ரலில் உக்ரைனின் கரையோர ஏவுகணைகள் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பலையே மூழ்கடித்தன. ஒடேசா கரையில் ரஷ்யர்கள் கடைசிவரை இறங்கவில்லை.

ஆகவே மரைன் படை தன் வேலையையே திருப்பிப் போட்டது. எதிரியின் கரையில் இறங்குவதற்குப் பதில், நட்பு நாட்டுத் தீவுகளில் சிறு குழுக்களாக முன்பே போய் அமர்ந்து, அங்கிருந்து எதிரியின் கப்பல்களை அடிப்பது. இதற்காக வாங்கிய கருவி ஒன்று நெமிசிஸ். ஓட்டுநர் அறையே இல்லாத ஒரு ராணுவ வண்டி, அதன் முதுகில் நார்வே நாட்டு கான்ஸ்பெர்க் நிறுவனத்தின் இரண்டு ஏவுகணைகள், 185 கிலோமீட்டருக்கு மேல் பாய்ச்சல். சரக்கு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகலாம். 2025-ல் பிலிப்பைன்ஸ் கூட்டுப் பயிற்சியின்போது, லூசோனுக்கும் தைவானுக்கும் இடையே உள்ள பாட்டானெஸ் தீவுகளுக்கு இதைக் கொண்டுபோனார்கள்.

ஆனால் அந்தக் குழுவை ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு எது கொண்டுபோகும்? சாப்பாடு, எரிபொருள், சுட்டுத் தீர்ந்த பிறகு மாற்று ஏவுகணைகள் எதில் வரும்? அதற்கும் கப்பல்தான் வேண்டும். சின்னதாக, கரையிலேயே மூக்கை ஊன்றி இறக்கக்கூடியதாக. அந்த நடுத்தரத் தரையிறக்கக் கப்பலை மலிவாகக் கட்டிவிடலாம் என்று நினைத்தார்கள். வந்த விலைகள் கட்டுப்படியாகவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை அந்த டெண்டரையே ரத்து செய்துவிட்டு, ஏற்கெனவே கைவசம் உள்ள வடிவமைப்புகளைத் தேடிப் போனது. ஏவுகணை வந்துவிட்டது, அதைச் சுமக்கும் கப்பல் வரவில்லை. விற்க வேண்டியதை முதலில் விற்றுவிட்டு வாங்க வேண்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்த வரிசை தவறு என்பதே என் கருத்து. ஓய்வுபெற்ற மரைன் தளபதிகள் பலரும் வெளிப்படையாகவே அந்தத் திட்டத்தை எதிர்த்தார்கள்.

பெரிய கப்பல்களும் ஒழிந்துவிடவில்லை. குறைந்தது 31 பெரிய தரையிறக்கக் கப்பல்கள் இருந்தே ஆக வேண்டும் என்று 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டமே போட்டது. பிரிட்டன் 2024 நவம்பரில் தன் இரண்டு பெரிய தரையிறக்கக் கப்பல்களையும் ஓய்வு கொடுத்து அனுப்ப முடிவெடுத்தது. சீனாவோ கடலடியில் கால் ஊன்றி நின்று, நூறு மீட்டருக்கும் நீளமான பாலத்தைக் கரைக்கு நீட்டும் மிதவைகளைக் கட்டுகிறது. ஒவ்வொரு நாடும் தன் கடலையும் தன் எதிரியையும் பார்த்துத்தான் வாங்குகிறது.

நமக்கு அந்தமானும் லட்சத்தீவும் இருக்கின்றன. 2004 சுனாமியில் இந்த வகைக் கப்பல் இல்லாத குறை நன்றாகத் தெரிந்தது. 2007-ல் அமெரிக்காவிடமிருந்து 1971-ல் சேவைக்கு வந்த பழைய ட்ரென்டன் கப்பலை வாங்கி ஐ.என்.எஸ் ஜலஷ்வா என்று பெயரிட்டோம். கொரோனா ஊரடங்கில், 2020 ஜூன் தொடக்கத்தில், கொழும்பில் தவித்த நம்மவர்கள் 680-க்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது அதுதான். இந்த வகையில் நம்மிடம் இருப்பது அது ஒன்றே. அரைநூற்றாண்டைத் தாண்டிய கப்பல். எனவே தேவை உண்மையானது. எத்தனை கப்பல், எந்த அளவு, எப்போது என்பதுதான் மாறக்கூடியது.

மாறும்போது அடிபடுவது யார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தரையிலிருந்து டோமஹாக் என்ற தொலைதூர ஏவுகணையை ஏவ மரைன் படை ஒரு வண்டியை வாங்கத் தொடங்கியது. தீவுக் கரைகளில் அதை வைத்துச் சமாளிக்க முடியாது என்று தெரிந்ததும் கைவிட்டது. அதற்கு முன், கடலில் வேகமாக ஓடும் ஒரு கவச வண்டிக்குச் சுமார் 300 கோடி டாலர் செலவழித்துவிட்டு 2011-ல் நிறுத்தினார்கள். அந்த முடிவுக்கு உயிர் விலையும் உண்டு. மாற்று வண்டி வராததால் 1970-களின் வண்டியே தொடர்ந்து ஓடியது. 2020 ஜூலை 30 அன்று கலிபோர்னியாவின் சான் கிளெமென்டே தீவருகே அதில் ஒன்று மூழ்கி 9 இளைஞர்கள் இறந்தார்கள். வண்டி மோசமான நிலையில் இருந்தது, உள்ளே தண்ணீர் ஏறியது, கணுக்கால் அளவிலேயே வெளியேறச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்று விசாரணை கண்டது. கடற்படைக்கு ஒரு வால்வோ சீலோ செய்து தரப்போகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது உங்கள் பொருள்தான்.

சரி, உங்கள் பட்டறைக்கு இதில் எங்கே இடம்? பெரிய தரையிறக்கக் கப்பலின் பின்புறத்தில், உள்ளே ஒரு நீர்த்தளம் இருக்கும். கப்பல் தன் அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பித் தானே பின்பக்கம் தாழும். பின்கதவு திறக்கும், கடல் உள்ளே வரும், அங்கே நிற்கும் படகுகள் மிதந்து வெளியேறும். வேலை முடிந்ததும் நீரை வெளியேற்றி நிமிரும். இந்த ஒரே செயலில் எத்தனை பம்பு, எத்தனை வால்வு, பின்கதவைத் தூக்கி இறக்க எத்தனை சிலிண்டர் என்று எண்ணிப் பாருங்கள். சிறு தரையிறக்கப் படகிலும் முன்சரிவுப் பலகையை இறக்க சிலிண்டர்தான். கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ தளம் அப்படி 8 படகுகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி தளமும் கடற்படைக்குக் கப்பல் கட்டுகிறது. வியூகம் பெரிய கப்பல் பக்கம் போனாலும் சிறிய கப்பல் பக்கம் போனாலும், உப்புநீரைத் தாங்கும் சிலிண்டருக்கும் வால்வுக்கும் வேலை உண்டு. பந்தயம் கட்டுவதாக இருந்தால் கப்பல் மேல் கட்டாதீர்கள், இந்தத் திறமையின் மேல் கட்டுங்கள்.

இயந்திரத்துக்கு வைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியை முதலில் தரச் சான்றுக்குச் செலவிடுங்கள். டிப்பர் லாரி சிலிண்டரை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. உப்புநீர்த் தெளிப்புச் சோதனை, அழுத்தச் சோதனை, வெடி அதிர்ச்சியைத் தாங்கும் சோதனை என்று கேட்பார்கள். ஒவ்வொரு தண்டுக்கும் அது எந்த ஆலையின் எந்த வார்ப்பு என்ற ஹீட் நம்பர் வரை காகிதம் வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகள் பெரும்பாலும் தோற்பது பொருளின் தரத்தில் அல்ல, இந்தக் காகிதத்தில்.

பின்கதவு அமைப்பை முழுதாக ஒரு பெரிய நிறுவனத்திடம் கொடுப்பதுதான் கப்பல் தளங்களின் வழக்கம். எனவே தளத்தில் வெண்டர் பதிவு செய்வதோடு நிற்காமல், அந்த அமைப்புகளைச் செய்யும் நிறுவனங்களின் கொள்முதல் பிரிவையும் போய்ப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உதிரி பாகங்களை இங்கேயே செய்ய அழைக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'ஸ்ரீஜன்' இணையதளத்தில் உங்கள் கைக்கு எட்டும் இனங்களைத் தேடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களுக்கான உதிரி பாக ஆர்டர் சிறிதுதான், ஆனால் புதுக் கப்பல் ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும் இயந்திரத்திலேயே, கூடுதல் ஷிஃப்ட் போட்டுச் செய்யக்கூடிய அளவு அது.

புதிய இயந்திரத்தைப் பற்றி எப்போது யோசிக்கலாம்? அமைச்சரவைக் குழு அனுமதித்து, எந்தத் தளத்துக்கு எத்தனை கப்பல் என்று ஒப்பந்தம் கையெழுத்தாகி, உங்கள் பெயரில் எழுத்துப்பூர்வ ஆர்டர் வந்த பிறகு. அப்போதும் ஒன்றுக்கு மட்டும். வங்கி மேலாளரிடம் பேசும்போது, கடற்படை வேலை நின்றாலும் டிப்பர், பம்பு ஆர்டர்களிலிருந்தே மாதத் தவணை கட்ட முடியும் என்ற கணக்கைக் கையில் வைத்திருங்கள். அந்தக் கணக்கு நிற்கவில்லை என்றால் ஆர்டரோடு முன்பணமும் கேளுங்கள். முன்பணம் தர மறுத்தால், அந்த ஆர்டரை இருக்கும் இயந்திரத்தில் முடிக்க முடிகிற எண்ணிக்கைக்குக் குறைத்து வாங்குங்கள்.