வாலியின் கேள்விகளுக்கு யார் பதில் சொல்கிறார்கள்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் நூலகத்தில் பத்துப் பேர் மாதம் இருமுறை கூடிப் படிக்கிறோம். காப்பிய நாயகர்கள், நீதிக்கதைகள் என்று இந்த வருடத்துக்குத் திட்டம் போட்டு, கம்பராமாயணத்தின் வாலி வதைப் படலத்தில் தொடங்கினோம். இரண்டு கூட்டமும் ‘ராமன் மறைந்து நின்று அம்பு விட்டது சரியா, தவறா’ என்ற சண்டையிலேயே போய்விட்டது. ஒருவர், ‘எதிரே வந்தால் பாதி பலம் வாலிக்குப் போய்விடும், அதனால்தான்’ என்கிறார். இன்னொருவர், ‘தம்பி மனைவியை எடுத்துக்கொண்டவன் சாக வேண்டியதுதான், இதுதான் கதையின் நீதி’ என்கிறார். பாட்டை யாரும் திறக்கவில்லை. பஞ்சதந்திரமாவது எளிதாக இருக்கும் என்று பார்த்தால், அதில் கெட்ட நரி கடைசியில் ஜெயிக்கிறது. எப்படித்தான் படிப்பது?

ம.

அன்புள்ள ம.,

சரியா தவறா என்பதைக் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். முதல் கூட்டத்திலேயே அதை எடுத்தால், வீட்டிலிருந்து கொண்டுவந்த தீர்ப்பையே அவரவர் திரும்ப எடுத்துக்கொண்டு போவார்கள். காப்பியத்தில் நீதி என்று எதுவும் தனியே எழுதி ஒட்டப்படவில்லை. ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம், ஏதோ ஒரு நெருக்கடியில், ஏதோ ஒரு தேவைக்காகச் சொல்வதாகவே வருகிறது. யார், யாரிடம், எப்போது, எதற்காக என்பதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாதி பலம் போகும் என்ற சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கம்பனில் இருக்கிறது. நட்புக் கோட் படலத்தில் அனுமன் ராமனிடம் வாலியைப் பற்றிச் சொல்லும்போது, ‘கிட்டுவார் பொரக் கிடைக்கின், அன்னவர் பட்ட நல் வலம் பாகம் எய்துவான்’ என்கிறான். ஆனால் அம்பு பட்டுக் கிடக்கும் வாலி ‘ஏன் ஒளிந்து எய்தாய்’ என்று கேட்கும் இடத்தில், ராமனோ இலக்குவனோ இதைக் காரணமாகக் காட்டுவதில்லை. கையில் தயாராக இருந்த ஒரு சமாதானத்தைக் கம்பன் பயன்படுத்தவில்லை. உங்கள் நண்பர் கம்பன் விட்டுவிட்டதை எடுத்து அவனுக்காக வாதாடுகிறார். வாலி மீதான குற்றச்சாட்டும் முதலில் நட்புக் கோட் படலத்திலேயே, அனுமன் வாயால் வருவதுதான். வால்மீகியில் சுக்ரீவனே தன் கதையைச் சொல்கிறான். இரண்டிலும் ராமன் கேட்டது ஒரு தரப்பை மட்டும். ஆகவே வாலி வதையில் தொடங்காமல் நட்புக் கோட் படலத்தில் தொடங்குங்கள்.

இனி நடைமுறை. எல்லோர் கையிலும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது. அது முடியாவிட்டால் பாட்டு எண்ணைச் சொல்லாமல் முதற்குறிப்பை, அதாவது பாட்டின் தொடக்கச் சொற்களைச் சொல்லிப் பழகுங்கள். பின்னால் சேர்ந்த மிகைப் பாடல் என்று ஒதுக்கப்படுபவை பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் எண்கள் ஒத்துவராது. கூட்டத்தில் பத்து நிமிடம் பக்கம் தேடுவதிலேயே போகும். ஒருவரிடமாவது வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரை இருக்கட்டும், பதவுரை தேவைப்படும். இரண்டு மணி நேரத்துக்குப் பதினைந்து பாட்டு போதும். ஒவ்வொரு பாட்டையும் இருமுறை உரக்க வாசியுங்கள், முதல்முறை சந்தி பிரிக்காமல் ஓசைக்காக, இரண்டாம் முறை பதம் பிரித்துப் பொருளுக்காக. முதலாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். விட்டால் ஓசை மாறும் இடம் காதில் விழாது. வாலியின் கேள்விகள் முதலில் அடிக்கு ஆறு சீராக நீளமாக வருகின்றன: ‘கோ இயல் தருமம்’, ‘அரக்கர் ஓர் அழிவு செய்து’. பிறகு ‘நூல் இயற்கையும்’ என்னும் இடத்தில் நாற்சீராகச் சுருங்கி, ‘வாலியைப் படுத்தாய் அலை, மன் அற வேலியைப் படுத்தாய்’ (நீ வீழ்த்தியது வாலியை அல்ல, அரச அறத்தின் வேலியை) என்று வெட்டுகிறது. சண்டைக் காட்சிப் பாடல்களுக்கு விளக்கம் வேண்டாம். ஒரே மூச்சில் வாசித்துக் கடந்துவிடுங்கள்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: முதற்குறிப்பு, பேசுபவர், கேட்பவர், அதற்குப் பதில் வரும் பாட்டு. நான்காவது கட்டம் சில வரிகளில் காலியாகவே நிற்கும். ‘அரக்கர் தீங்கு செய்தால் அதற்குக் குரங்கினத்து அரசனைக் கொல்ல மனு நெறி கூறிற்று உண்டோ’ என்று வாலி கேட்கிறானே, அதற்கு நேரான பதிலை எங்கே எழுதுவது என்று தேடிப் பாருங்கள். ஒளிந்து நின்றதைப் பற்றிய கேள்விக்கு எதிரே யார் பெயரை எழுதுவீர்கள்? ராமன் பெயரை அல்ல. பதில் சொல்பவன் இலக்குவன். ‘உன் தம்பி முன்பே சரண் புகுந்தான், உன்னைத் தென்புலத்துக்கு அனுப்புவதாக அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார், எதிரே வந்தால் நீயும் அடைக்கலம் என்பாய், அதனால் மறைந்து எய்தார்’ என்பது அவன் பதில்.

இங்கே இரண்டு பக்கம் பின்னால் புரட்டச் சொல்வேன். வாலியும் சுக்ரீவனும் மோதிக்கொண்டிருக்கும்போது இதே இலக்குவன்தான் சுக்ரீவனைச் சந்தேகிக்கிறான். தன் அண்ணனையே கொல்லக் கூட்டி வந்தவன் மற்றவர்களுக்கு எப்படித் துணையாவான் என்று கேட்கிறான். ராமன் சொல்வது: ‘எத் தாயர் வயிற்றினும், பின் பிறந்தார்கள் எல்லாம் ஒத்தால், பரதன் பெரிது உத்தமன் ஆதல் உண்டோ?’ சந்தேகப்பட்டவனையே வழக்கறிஞனாக நிறுத்திவிட்டு ஒளிந்து நின்றதைப் பற்றி ராமனைப் பேசவிடாமல் வைத்ததை வெறும் கதைப்போக்கு என்று கடக்க முடியாது. ராமன் செய்தது சரி என்பவரும் தவறு என்பவரும் இந்த இடத்துக்கு ஒரு விளக்கம் தர வேண்டியிருக்கும். அப்போதுதான் விவாதம் பாட்டுக்குள் வரும்.

கம்பனை முடித்த பிறகே வால்மீகியைத் திறங்கள். கிஷ்கிந்தா காண்டத்தின் 17, 18ஆம் சர்க்கங்கள் போதும். நல்ல மொழிபெயர்ப்பில் ஒரே கூட்டத்தில் முடியும். 17இல் வாலி குற்றம் சாட்டுகிறான், 18இல் ராமன் பதில் தருகிறான். இந்தப் பூமி இக்ஷ்வாகுகளுடையது, பரதன் ஆள்கிறான், அவன் ஆணைப்படி தண்டிக்கிறோம் என்கிறான். மனுவின் பெயரால் இரண்டு சுலோகம் சொல்கிறான். கூடவே, நீ குரங்கு, வேட்டையில் விலங்கை ஒளிந்து நின்று கொல்வது குற்றமில்லை என்றும் சொல்கிறான்.

கம்பன் இந்தக் கடைசி வாதத்தை ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டான். கம்பனில் ‘நாங்கள் குரங்குகள், உங்கள் குலத்துக் கற்பு நெறியைப் பிரமன் எங்களுக்கு வகுக்கவில்லை’ என்று தப்பிக்கப் பார்ப்பவன் வாலி. அதை ஏற்க மறுப்பவன் ராமன். நன்மை தீமை தெரியாமல் வாழ்வதுதான் விலங்கு, உனக்கு அது தெரியும் என்கிறான். கழுகான சடாயுவைச் சான்று காட்டுகிறான். மனுவும் இடம் மாறியிருக்கிறார்: அங்கே ராமன் மேற்கோள் காட்டுகிறான், இங்கே வாலி ‘எங்கே இருக்கிறது, காட்டு’ என்கிறான். வாலியை அறம் தெரிந்தவனாக உயர்த்தினால்தான் ராமனால் அவனைத் தண்டிக்க முடியும். அப்படி உயர்த்தியதால்தான் அவன் கேள்விகளும் இவ்வளவு கூர்மையாகிவிட்டன. கம்பன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட சிக்கல் இது என்பது என் எண்ணம்.

‘தம்பி மனைவியை எடுத்துக்கொண்டால் சாவு, இதுவே நீதி’ என்பவரிடம் ஒன்று கேளுங்கள்: அதுதான் நீதி என்றால் வாலி இறந்ததும் கதை அங்கே நின்றிருக்க வேண்டாமா? சாகும்போது வாலி ராமனிடம் கேட்பதைப் பாருங்கள். தம்பி கள் குடித்து மதி மயங்கித் தவறு செய்தாலும் என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விடாதே என்கிறான். அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பிமார் அவனை இகழ்ந்தால் தடு என்கிறான். இரண்டும் பின்னால் வரும் கிட்கிந்தைப் படலத்தில் சோதனைக்கு வருகின்றன. மழைக்காலம் முடிந்தும் படை வரவில்லை, சுக்ரீவன் குடியில் கிடக்கிறான், இலக்குவன் கொதித்து வருகிறான். அவனைத் தடுப்பவள் தாரை. கம்பனில் அவள் ‘மங்கல அணியை நீக்கி’ கைம்பெண் கோலத்தில் வர, இலக்குவனுக்குத் தன் தாயர் நினைவு வருகிறது. வால்மீகியிலோ தாரை அப்போது சுக்ரீவனோடு வாழ்கிறாள். உறவு முறையைக் காக்கக் கம்பன் எவ்வளவு மாற்ற வேண்டியிருந்தது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். வாலி வதையைத் தனியாக வெட்டி எடுத்துப் படிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

பஞ்சதந்திரத்துக்கும் அதே நான்கு கட்டம்தான். அங்கே நரி ஜெயிப்பதில் குழப்பமே இல்லை. அது குழந்தைகளுக்கான நல்லொழுக்கப் புத்தகமாக எழுதப்படவில்லை. அமரசக்தி என்ற அரசனின் மூன்று மகன்களுக்கு ஆறு மாதத்தில் அரசியல் கற்றுத்தருவதாக விஷ்ணுசர்மன் ஒப்புக்கொள்வதுதான் சட்டகம். முதல் தந்திரத்தில், அதாவது நூலின் முதல் பகுதியில், தமனகன் என்ற நரி, பிங்களகன் என்ற சிங்கத்துக்கும் சஞ்சீவகன் என்ற எருதுக்கும் இருக்கும் நட்பைக் கலைக்கிறது. கடைசியில் எருது சாகிறது. முயல் சிங்கத்தை ஏமாற்றிக் கிணற்றில் குதிக்கவைத்த கதையை நாம் ‘புத்தியே பலம்’ என்று பள்ளியில் படித்தோம். மூலத்தில் அதைச் சொல்வது தமனகன், கேட்பது கரடகன் என்ற இன்னொரு நரி. நட்பைக் கலைக்கத் தன்னால் முடியும் என்று காட்டவே அது சொல்லப்படுகிறது. சொல்பவனை நீக்கிவிட்டுக் கதையை மட்டும் எடுத்தால் நீதிக்கதை, சேர்த்துப் படித்தால் சதியின் ஒரு பகுதி. உங்கள் கூட்டத்தில் ஒருவர் கதையை மட்டும் சொல்லட்டும், அடுத்தவர் அதே கதையைத் தமனகன் கரடகனிடம் சொல்வதாகச் சொல்லட்டும். அரை மணி நேரத்தில் வேறுபாடு புரிந்துவிடும். சிறுவர் பதிப்புகள் பெரும்பாலும் இந்தச் சட்டகத்தை நீக்கிவிடும், அவற்றை வாங்காதீர்கள்.

அடுத்து யுத்த காண்டத்தின் கும்பகருணன் வதைப் படலத்துக்குப் போங்கள். மிக நீளமானது, முழுவதும் வேண்டாம். வீடணன் அவனை அழைக்க வரும் உரையாடல் மட்டும், ‘நீர்க்கோல வாழ்வை நச்சி’ பாட்டும் அதைச் சூழ்ந்தவையும். அண்ணனை விட்டு வந்த தம்பி, அண்ணனை விடாத தம்பி, இருவரும் அறம் பேசுகிறார்கள். வாலியின் நோட்டை அன்று கூடவே எடுத்துப் போங்கள். இரண்டு கூட்டம் ஒதுக்கினால் சரியாக இருக்கும்.