நெட்வொர்க்கில் இருக்கும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆகப் பத்து நிமிடம் ஆகிறது, என்ன செய்யலாம்?

நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டர் என்கிறீர்கள். முதலாளி புதுசு வாங்கித் தரமாட்டார், சர்வீஸ்காரர் ஃபார்மட் அடிக்கச் சொல்லியிருப்பார், சரிதானே? அடிக்காதீர்கள். முதலில் லேன் கேபிளை, அதாவது நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் வெள்ளிக் கொலுசு மொத்தக் கடையில் பில் போடுவது நான். விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். 'வெல்கம்' என்று வந்து வட்டம் சுற்ற ஆரம்பித்தால் ஏழு நிமிடம், டீ குடித்துவிட்டே வரலாம். பட்டறைக்காரர்கள் சரக்கோடு நிற்பார்கள், நான் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் வந்து வைரஸ் என்று சொல்லி 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அதே வட்டம்.

அப்புறம் ஒரு நாள் எலி லேன் வயரைக் கடித்துவிட்டது. பிரிண்ட் எடுக்க வழியில்லை, ஆனால் அன்றைக்கு இரண்டே நிமிடத்தில் திரை வந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், உள்ரூமில் ஸ்டாக் கணக்கு வைத்திருந்த கம்ப்யூட்டரை எட்டு மாதம் முன்பே பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டோம், அதன் ஃபோல்டரை என் கம்ப்யூட்டரில் இஸட் என்ற நெட்வொர்க் டிரைவாக மாட்டியிருந்ததை மட்டும் யாரும் எடுக்கவில்லை. தினமும் லாகின் ஆகும்போது விண்டோஸ் அந்தச் செத்த மெஷினைக் கூப்பிட்டு, பதில் வருமா என்று காத்திருந்து, அப்புறம்தான் மேலே போயிருக்கிறது. கேபிள் இல்லாவிட்டால் நெட்வொர்க்கே இல்லை என்று விட்டுவிடுகிறது. டிரைவை இணைக்க முடியவில்லை என்று மூலையில் தினமும் பலூன் வரத்தான் செய்தது. நானும் தினமும் மூடத்தான் செய்தேன்.

'கம்ப்யூட்டர்' உள்ளே போய், சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும் டிரைவை ரைட் கிளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுங்கள். இப்போது இல்லாத பிரிண்டர்களையும் அழியுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே கறுப்புத் திரையில் நின்றால் அது வேறு கதை: பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்), எதிலிருந்து முதலில் தொடங்குவது என்று சொல்லும் பூட் ஆர்டரில் லேன் முதலில் இருக்கிறதா பாருங்கள், ஹார்டு டிஸ்க்கை மேலே கொண்டுவாருங்கள். தேதியும் தப்பாகக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், அதை மாற்றாமல் எந்த செட்டிங்கும் நிற்காது. விண்டோஸ் 7-ல் இன்னொரு கூத்தும் உண்டு. படம் வைக்காமல் ஒரே கலரைப் பின்னணியாக வைத்தால் லாகினில் 30 விநாடி நிற்கும். நம்பாதவர்கள் தேடிப் பாருங்கள், மைக்ரோசாஃப்டே இதற்குத் திருத்தம் வெளியிட்டது.

2020 ஜனவரி 14-ஓடு விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தது எனக்கும் தெரியும், பாடம் எடுக்க வராதீர்கள், அந்த மெஷினில் இன்டர்நெட் கிடையாது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டால் வேகம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இல்லாத மெஷினுக்கு எஸ்எஸ்டியும் காத்துக்கொண்டுதான் கிடக்கும்.

அந்த ஏழு நிமிடத்துக்குள் போன் வேறு. இன்றைக்கு ரேட் என்ன என்று நம்மிடம் கேட்டுவிட்டு வேறு கடையில் வாங்குவார்கள். நேரில் வருகிறவர்களோ செல்போனில் வெள்ளி விலையைக் காட்டி, கூலி எதற்கு என்கிறார்கள். உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகு போட்டு ஒரு கொலுசு எத்தனை கை மாறி வருகிறது, அதெல்லாம் செல்போனில் தெரியாது போல.

சரி. இப்போது கம்ப்யூட்டர் ஒன்றே முக்கால் நிமிடத்தில் வருகிறது. அது படுத்துகிற பாட்டைக் காட்டித்தான் இத்தனை மாதமாக மாமாவிடம் புது கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருந்தேன். "அதான் நல்லா ஓடுதே மாப்ள" என்கிறார்.