ஃபால்ஸ் சீலிங் லைட் ரிப்பேர்: கேளுங்க, சொல்றேன்

சீலிங்ல பதிச்ச எல்.இ.டி. லைட் பத்தி மட்டும் கேளுங்க. எதைத் தொட்டாலும் முதல்ல எம்.சி.பி.யை, அதாவது மெயின் போர்டுல அந்த லைனுக்கான கரண்டை நிறுத்தற சுவிட்சை, இறக்குங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது.

திருப்பூர்: ஹால்ல 15 வாட்ஸ் ரவுண்ட் லைட் மினுக்குது அண்ணா. மொத்தமா மாத்தணுமா?

அவசரப்படாதீங்க தம்பி. லைட்டுக்கும் வயருக்கும் நடுவுல சின்னப் பெட்டி இருக்கும், அதான் டிரைவர்; வீட்டுக் கரண்டை எல்.இ.டி.க்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கும். பெரும்பாலும் போறது அதுதான். சூட்டுல உள்ள கெப்பாசிட்டர் உப்பிடும். எம்.சி.பி.யை இறக்கிட்டு, லைட்டோட விளிம்பைப் பிடிச்சு மெதுவா கீழே இழுங்க. ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் கிளிப் இருக்கு, விரலை நசுக்கிடும். டிரைவர் மேல எழுதியிருக்கறதைப் போட்டோ எடுத்துட்டுக் கடைக்குப் போங்க. "15 வாட்ஸ் டிரைவர்"னு மட்டும் கேட்டா கையில கிடைச்சதைக் கொடுப்பான். பழசுல அவுட்புட் 300 மில்லி ஆம்பியர்னா புதுசும் 300தான். வோல்ட் 36-60ன்னு ஒரு எல்லை போட்டிருக்கும், அதுவும் பொருந்தணும். ஆம்பியர் கூடினா கொஞ்ச நாள் பளிச்சுனு எரிஞ்சு எல்.இ.டி. கருகும்.

கரண்ட் இருக்கும்போது லைட்டை டிரைவர்ல சொருகவே கூடாது. லோடு இல்லாத டிரைவர்ல வோல்டேஜ் ஏறி நிக்கும், சொருகின நொடியில எல்.இ.டி. போயிடும். மலிவு டிரைவர் சிலதுல அவுட்புட் பக்கமும் ஷாக் அடிக்கும்.

கடலூர்: லைட்டுக்குள்ள ஒரு புள்ளி கருப்பா இருக்கு. அதை மட்டும் ஷார்ட் பண்ணினா, அதாவது அதோட ரெண்டு முனையையும் நேரா இணைச்சா, எரியும்னு வீடியோல காட்டறாங்களே?

எரியும். மிச்ச எல்.இ.டி.யும் அதே சூட்டுல கிடந்ததுதான், வரிசையா போகும். லைட்டை மாத்துங்க. வாங்கும்போது சீலிங்ல உள்ள ஓட்டையை அளந்துட்டுப் போங்க, லைட்டோட வெளிவட்டத்தை இல்ல.

ஈரோடு: பெட்ரூம் லைட் அணைச்ச பிறகும் மங்கலா எரியுது சார். பசங்க பயப்படறாங்க.

ரெண்டு காரணம் பாருங்க. அணைச்சிருக்கும்போது ஒளிர்ற குட்டி இண்டிகேட்டர் சுவிட்சுல இருந்தா, அது வழியா துளி கரண்ட் போகும். இல்லைன்னா ஃபேஸுக்கு (கரண்ட் வர்ற வயர்) பதிலா நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போற வயர்) சுவிட்சுல கொடுத்திருப்பாங்க.

திருச்சி: நானும் வயர்மேன்தான். சுவிட்ச் ஆஃப்னா ஆஃப்தான். லைட் டூப்ளிகேட், அவ்வளவுதான்.

டூப்ளிகேட்டா இருந்தாலும் கரண்ட் வராம எரியாதே! நியூட்ரல் சுவிட்சுல இருந்தா, அணைச்ச பிறகும் ஃபேஸ் லைட்டுல வந்து நிக்குது. உலோக பாடி, பக்கத்து வயர்னு ஏதாவது வழியா துளி கசியும். எல்.இ.டி.க்கு அது போதும். குண்டு பல்புக்கு அது காணாது, அதனாலதான் அந்தக் காலத்துல தெரியல.

திருச்சி: எதுவா இருந்தா என்ன, சுவிட்ச் போட்டா எரியுது, அணைச்சா அணையுது. கஸ்டமருக்கு வேற என்ன வேணும்?

உயிர் வேணும். சுவிட்சை அணைச்சுட்டோம்னு நம்பி ஏணியில ஏறுவாரு பாருங்க, அவருக்கு. வயர்மேன்னு சொல்லிட்டு இப்படிப் பேசாதீங்க.

நாகர்கோவில்: கிச்சன் லைட் மினுக்குது, மாத்தணுமா?

திருப்பூருக்குச் சொன்னதே.

சேலம்: ஃபேன் ரெகுலேட்டர்ல கொடுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாமா?

கூடாது. டிம் பண்ணலாம்னு டிரைவர் மேலயே போட்டிருந்தா, அதுக்குண்டான டிம்மர் வாங்குங்க.

தாம்பரம்: லைட் ஓட்டை வழியா தண்ணி சொட்டுது.

எம்.சி.பி.யை இறக்குங்க, இப்பவே. மேல ஏ.சி. டிரெயின் பைப் ஓடுதான்னு பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் லைட்டைப் பேசலாம்.

வேலூர்: அண்ணா, லைட் விட்டு விட்டு...

மேல படிங்க. திருப்பூர்.

ஈரோடு: பக்கத்துத் தெரு வயர்மேன் வந்து போர்டைத் திறந்து பார்த்தார் சார். சுவிட்சுல இருந்தது நியூட்ரல்தான். மாத்திட்டார், இப்ப முழுசா அணையுது.

அப்போ அவரைப் போக விடாதீங்க. மத்த ரூம் போர்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்க. எல்லாம் ஒரே ஆள் பண்ணின வயரிங்தானே.