கேள்வி-பதில்: கடலோடிக்கு எந்த மருத்துவக் காப்பீடு?

கேள்வி: நண்பரின் 38 அடி பாய்மரப் படகில் லங்காவியிலிருந்து இலங்கை, மாலத்தீவு என்று பத்து மாதம் சுற்றிவரப் போகிறோம். மலிவான பயணக் காப்பீடு போதுமா? (பினாங்கு வாசகர்)

பதில்: போதாது. விமானத்தில் போய், விடுதியில் தங்கி, ஊர் திரும்புகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாலிசி அது. 'ஆண்டு முழுவதும்' என்று விற்பதிலும் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்தான் என்ற வரம்பு இருக்கும். பலவற்றில் அது 90 நாளைத் தாண்டாது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு, அப்பால் நடப்பதற்குப் பொறுப்பில்லை என்று விலக்குப் பகுதியில் சொல்லும் பாலிசிகளும் உண்டு. மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் போகும் படகு அந்தத் தூரத்தை இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடும்.

வெளிநாட்டில் வசிப்போருக்கென்று ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பன்னாட்டு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, அதைப் பாருங்கள். படகிலேயே வசிக்கிறோம், ஆழ்கடலைக் கடக்கிறோம் என்று மின்னஞ்சலில் தெரிவித்து, ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். 'அவசர மருத்துவ இடமாற்றம்' என்பது பெரும்பாலும் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வதுதான். நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவருவது மீட்புப் பணி, அது கடலோரக் காவற்படையையும் அவ்வழியே வரும் கப்பலையும் நம்பியது. சின்னச் செலவுகளை நீங்களே ஏற்பதாக ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். காப்பீடு தேவைப்படுவது பெரிய செலவுக்குத்தான்.

கேள்வி: கடற்காற்றே மருந்து என்கிறார் எங்கள் படகுத் தலைவர். காப்பீடு அவசியமா?

பதில்: குடல்வால் வீங்குவது காற்றைப் பார்த்து அல்ல, எடுங்கள்.

கேள்வி: பாலிசி வாங்கி எட்டு மாதமாகிறது, இன்னும் படிக்கவில்லை. அடுத்த வாரம் ஃபுளோரிடா போகிறோம். அமெரிக்கா அதில் சேருமா?

பதில்: உங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும் காகிதத்தை நான் இங்கிருந்து எப்படிப் படிப்பது? 'உலகம் முழுவதும்' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே 'அமெரிக்கா, கனடா நீங்கலாக' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: சரக்குக் கப்பலில் மூன்றாம் பொறியாளராக இருக்கிறேன். செலவைக் கம்பெனியே ஏற்கும்போது தனிப் பாலிசி தண்டச் செலவு அல்லவா? (தூத்துக்குடி)

பதில்: இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, பணிக்காலத்தில் வரும் நோய்க்கும் காயத்துக்கும் கப்பல் உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது, ஆனால் அந்தப் பொறுப்பைச் சட்டத்தின் மூலம் 16 வாரத்தோடு நிறுத்திக்கொள்ள நாடுகளுக்கு இடம் தருகிறது. ஒப்பந்தம் முடிந்து நீங்கள் வீட்டில் இருக்கும் மாதங்களுக்கும், மனைவி மக்களுக்கும் அதில் வழியில்லை. குடும்பத்தோடு ஓர் உள்நாட்டுப் பாலிசி எடுத்து, கப்பலில் இருக்கும்போதும் விடாமல் புதுப்பியுங்கள். விட்டுவிட்டால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு, அது 36 மாதம் வரை இருக்கலாம், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி: மகனின் படகில் சென்ற என் கணவருக்குப் புக்கெட்டில் மாரடைப்பு வந்தது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதை மறைத்தார் என்று கிளைமை நிராகரித்துவிட்டார்கள். ஏஜென்டிடம் சொல்லியிருந்தோம். (நாகர்கோவில்)

பதில்: அம்மா, நீங்கள் எதையும் மறைக்கவில்லை. படிவத்தை ஏஜென்ட் நிரப்புவதும், வாங்குகிறவர் பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்து மட்டும் போடுவதும் நம் ஊரில் ஒரு நோயாகவே ஆகிவிட்டது. பிரீமியம் ஏறினால் வாடிக்கையாளர் கை நழுவிவிடுவார் என்று எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள்; கிளைம் வரும் நாளில் அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர்தான் குற்றவாளி. என் சர்க்கரை நோய்க்கு நேரே நீல மையில் போட்ட ஒரு 'இல்லை', காப்பிக் கறையோடு இன்றும் என் கோப்பில் இருக்கிறது. ஏஜென்ட் எழுத, நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கண் சிகிச்சைக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

முதலில் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அது யாருடைய எழுத்து என்று பாருங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் விசாரிப்பார். ஏஜென்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் மாத்திரையைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் அதை அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.