கைபேசிக் கேள்வி – பதில்: ப்ளே ஸ்டோரைத் தேடி வெளியே போகாதீர்கள்

செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். போனுக்குப் போன் மெனுப் பெயர்கள் கொஞ்சம் மாறும். சொன்ன பெயர் கண்ணில் படாவிட்டால், செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அதை அடித்துப் பாருங்கள்.

என் போனில் ப்ளே ஸ்டோர் படத்தையே காணோம். பேரன் விளையாடிவிட்டுக் கொடுத்த பிறகுதான் இப்படி. கூகுளில் தேடினால் 'ப்ளே ஸ்டோர் டவுன்லோடு' என்று எத்தனையோ பக்கங்கள் வருகின்றன. எதிலிருந்து இறக்கலாம்?
– வாசகி, கானாடுகாத்தான்

எதிலிருந்தும் வேண்டாம், ஆச்சி. ப்ளே ஸ்டோர் போனோடு கூடவே வந்தது. சாதாரணமாக அதை அழிக்க முடியாது. முகப்புத் திரையிலிருந்து எடுக்கலாம், மறைக்கலாம், முடக்கலாம். பேரன் கை பட்டது இதில் ஏதோ ஒன்றில்தான்.

முதலில் திரையின் கீழிருந்து மேலே தள்ளுங்கள். எல்லாச் செயலிகளும் வரிசையாக வரும். மேலே உள்ள பெட்டியில் 'ப்ளே' என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை நான்கும் கலந்த முக்கோணம் வந்தால் அதை அழுத்திப் பிடித்து முகப்புத் திரைக்கு இழுத்து வையுங்கள். வேலை முடிந்தது. சில போன்களில் அந்த வரிசையே கிடையாது, எல்லாம் முகப்புப் பக்கங்களிலேயே இருக்கும். அப்படியானால் 'கூகுள்' என்று பெயரிட்ட சின்னப் பெட்டிக்குள் பாருங்கள். சாம்சங் போனாக இருந்தால், வெற்றுத் திரையை அழுத்திப் பிடித்து, முகப்புத் திரை செட்டிங்ஸில் 'ஹைடு ஆப்ஸ்' என்ற இடத்தையும் பாருங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் அது.

அங்கும் இல்லையென்றால் முடக்கப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸ், ஆப்ஸ், எல்லா ஆப்ஸும் என்று போய் 'கூகுள் ப்ளே ஸ்டோர்' பெயரைத் தொடுங்கள். உள்ளே 'எனேபிள்' என்ற பொத்தான் தெரிந்தால் அதை அழுத்துங்கள், படம் திரும்ப வந்துவிடும். பட்டியலில் பெயரே வராவிட்டால், மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ சிஸ்டம்' கொடுத்துவிட்டுத் தேடுங்கள்.

அந்த வலைப்பக்கங்களை ஏன் வேண்டாம் என்கிறோம்? ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் அதை வெளியிட்டவரின் மின்னணு முத்திரை உண்டு. உங்கள் போனில் இருக்கும் ப்ளே ஸ்டோரில் கூகுளின் முத்திரை. வேறொருவர் கை வைத்த கோப்பை அதன் மேல் ஏற்ற முயன்றால், முத்திரை பொருந்தவில்லை என்று போனே தள்ளிவிடும். போலி செய்கிறவனுக்கும் இது தெரியும். அதனால் உள்பெயரை மாற்றி, அதே முக்கோணப் படத்தைப் போட்டுத் தனிச் செயலியாக ஏற்றிவிடுவான். பார்வைக்கு ப்ளே ஸ்டோர், வேலையோ உங்கள் எஸ்.எம்.எஸ். படிப்பது. ப்ளே ஸ்டோர் படத்தைப் போட்டுக்கொண்டு எஸ்.எம்.எஸ். அனுமதியும், திரையைப் படிக்கவும் உங்களுக்குப் பதில் அழுத்தவும் விடும் 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதியும் கேட்டால் அப்போதே அழித்துவிடுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சில போன்கள் கூகுள் சேவைகளே இல்லாமல் வருகின்றன. 2019-ல் அமெரிக்கா விதித்த தடைக்குப் பிறகு வந்த ஹுவாவே மாடல்களும், சீனாவில் விற்பதற்கென்றே செய்தவையும் அந்த வகை. அவற்றில் ப்ளே ஸ்டோரை மட்டும் கொண்டுவந்து வைத்தால் ஓடாது. அதன் பின்னால் 'கூகுள் ப்ளே சர்வீசஸ்' என்று ஒன்று வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாகச் சொன்னால், பெட்டி பிரிப்பதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தச் செயலியை இறக்கினாலும் 'பெண்டிங்' என்று சுற்றிக்கொண்டே நிற்கிறது. கடையில் கேட்டால் போனை ரீசெட் செய்யவேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?
– வாசகர், தேவகோட்டை

ரீசெட் கடைசி வழி. பெரும்பாலும் அதுவரை போகவே தேவை இருக்காது.

எங்கே உட்கார்ந்து இறக்குகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர். முகப்பில் வைத்த வைஃபை பெட்டியின் அலை இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் செத்துவிடும். போன் அந்த அரை உயிர் வைஃபையையே பிடித்துக்கொண்டு தொங்கும், சிம் டேட்டாவுக்கு மாறாது. வைஃபையை அணைத்துவிட்டு, வளவில் வானம் தெரியும் இடத்தில் நின்று டேட்டாவில் ஒரு தடவை முயன்று பாருங்கள். அங்கே இறங்கினால் போனில் கோளாறு இல்லை.

இறங்கவில்லையென்றால் இந்த வரிசையில் போங்கள். ப்ளே ஸ்டோரில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்' திறங்கள். பின்னால் இருபது செயலிகள் அப்டேட்டுக்காக வரிசையில் நின்றால் உங்களுடையது இருபத்தொன்றாவது. அவற்றை நிறுத்துங்கள். அடுத்து அதே படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், 'நெட்வொர்க் ப்ரிஃபரன்சஸ்' போய், இறக்கம் வைஃபையில் மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சிம் டேட்டாவில் அது கடைசிவரை பெண்டிங்தான். பேட்டரி சேவர், டேட்டா சேவர், வி.பி.என். மூன்றையும் அணையுங்கள். தேதி, நேரம் தானாக அமையும்படி வையுங்கள். போனின் தேதி தவறாக இருந்தால் கூகுள் சர்வரின் பாதுகாப்புச் சான்று செல்லாததாகத் தெரியும், இணைப்பே கிடைக்காது. பேட்டரி முழுக்கத் தீர்ந்து நாள்கணக்கில் கிடந்த போன்களில் இதுதான் முதல் சந்தேகம்.

இடம் இருக்கிறதா? 100 எம்பி செயலிக்கு 100 எம்பி போதாது. இறக்கிய கோப்பு ஒரு பங்கு, அதைப் பிரித்து நிறுவ இன்னொரு பங்கு, ஓடும்போது சேர்வது மேலும் ஒன்று. 2 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த காலை வணக்க வீடியோக்களை அழித்தாலே பல போன்களில் அது கிடைத்துவிடும்.

இதற்கும் மசியவில்லையென்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ், கூகுள் ப்ளே ஸ்டோர், ஸ்டோரேஜ். முதலில் 'கிளியர் கேஷ்'. பிறகு 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்'. பயப்பட வேண்டாம், நிறுவிய செயலி எதுவும் போகாது. ப்ளே ஸ்டோருக்குள் நீங்கள் வைத்த விருப்பங்கள்தான் பழையபடி ஆகும். ஆனால் மேலே எழுதியிருக்கும் பெயரை இரண்டு தடவை படியுங்கள். இதே பொத்தானை வாட்ஸ்அப்பின் பக்கத்தில் அழுத்திவிட்டு, பேக்கப்பும் இல்லையென்றால், உரையாடல்கள் போனது போனதுதான். கடைசியாக, அதே ப்ளே ஸ்டோர் பக்கத்தின் மூன்று புள்ளியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுங்கள். போனோடு வந்த பழைய பதிப்புக்குத் திரும்பி, தானாகவே மறுபடி புதிதாகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் நெட் ஓடட்டும், உடனே நோண்டாதீர்கள்.

அப்புறமும் ரீசெட்தான் என்றால், உங்கள் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு தெரியாமல் போனைக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல் பல போன்களில் திருட்டுத் தடுப்பு உண்டு. ரீசெட் விதத்தைப் பொறுத்து, பழைய கணக்கைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும்.

தினம் ஒன்றரை ஜிபி டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. அப்டேட்தான் காரணமா?
– வாசகர், புதுவயல்

இருக்கலாம். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ், நெட்வொர்க் ப்ரிஃபரன்சஸ், 'ஆட்டோ அப்டேட் ஆப்ஸ்' என்ற இடத்தில் வைஃபை மட்டும் என்று மாற்றுங்கள். அப்டேட்டே வேண்டாம் என்று மட்டும் வைக்காதீர்கள். வங்கி, யு.பி.ஐ. செயலிகள் பழசானால் ஒருநாள் திறக்கவே மறுக்கும். அதுவும் கடையில் பணம் கொடுக்க நிற்கும் நேரமாகப் பார்த்து.

ப்ளே ஸ்டோரையே அப்டேட் செய்வது எப்படி? 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்' என்று ஒன்று வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?
– வாசகர், காரைக்குடி

இரண்டும் வேறு வேறு. ப்ளே ஸ்டோர் தன்னைத் தானே பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும். கையால் தள்ளவேண்டுமானால்: ப்ளே ஸ்டோரில் உங்கள் படம், செட்டிங்ஸ், 'அபவுட்'. அங்கே பதிப்பு எண்ணுக்குக் கீழே 'அப்டேட் ப்ளே ஸ்டோர்' இருக்கும், அதைத் தொடுங்கள். இருப்பதே புதியது என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். உறவினர் போனில் உள்ள எண் உங்களுடையதைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம், கூகுள் அதை எல்லோருக்கும் ஒரே நாளில் விடுவதில்லை. அதே 'அபவுட்' பக்கத்தில், கூகுளின் பாதுகாப்புச் சோதனையான 'ப்ளே ப்ரொடெக்ட்' சான்றிதழ் பற்றியும் ஒரு வரி உண்டு. செகண்ட் ஹேண்டில் போன் வாங்கினால் பணம் கொடுக்கும் முன் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிஸ்டம் அப்டேட் என்பது ஆண்ட்ராய்டின் சில உள்பாகங்களைச் சரிசெய்வது. ஆண்ட்ராய்டு 10 முதல் வந்தது. போனின் செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி' பகுதியில் கிடைக்கும். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்தால்தான் அமலுக்கு வரும்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் தான் வைத்திருந்த போனைக் கொடுத்துவிட்டுப் போனான். என் வங்கியின் செயலி 'உங்கள் நாட்டில் இல்லை' என்கிறது. நான் பள்ளத்தூரில்தானே இருக்கிறேன்?
– வாசகர், பள்ளத்தூர்

நீங்கள் பள்ளத்தூரில் இருக்கிறீர்கள், போனில் உள்ள கூகுள் கணக்கு இன்னும் சிங்கப்பூரில் இருக்கிறது. ப்ளே ஸ்டோர் நாட்டைக் கணக்கை வைத்துத்தான் பார்க்கும். ப்ளே ஸ்டோரில் உங்கள் படம், செட்டிங்ஸ், ஜெனரல், 'அக்கவுண்ட் அண்ட் டிவைஸ் ப்ரிஃபரன்சஸ்' போனால் 'கன்ட்ரி அண்ட் ப்ரொஃபைல்ஸ்' என்ற இடத்தில் எந்த நாடு என்று தெரியும். அதை மாற்றலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு தடவைதான், இந்தியப் பணவழி ஒன்றைச் சேர்க்கவேண்டும், மாற 48 மணி நேரம் வரை ஆகலாம். பழைய நாட்டில் ப்ளே ஸ்டோர் இருப்பில் உள்ள பணம் புதிய நாட்டுக்கு வராது. மகன் அந்தக் கணக்கை இன்னும் பயன்படுத்துகிறார் என்றால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

சுலபமான வழி, உங்கள் பெயரில் உள்ள கூகுள் கணக்கைப் போனில் சேர்ப்பது. பிறகு ப்ளே ஸ்டோரில் படத்தைத் தொட்டு அந்தக் கணக்குக்கு மாறி, வங்கிச் செயலியை இறக்குங்கள். திறந்தவுடன் அது உங்கள் எண்ணிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிச் சரிபார்க்கும். வங்கியில் பதிந்த சிம் இந்தப் போனில்தான் இருக்கவேண்டும், எஸ்.எம்.எஸ். அனுப்ப அதில் காசும் இருக்கவேண்டும். இரண்டு சிம் இருந்தால் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டு சிம் முதல் இடத்தில் இருந்து அதன் வழியே எஸ்.எம்.எஸ். போய்த் தோற்பது அடிக்கடி நடப்பது.

மகனின் கணக்கை எடுத்துவிடுவதானால் அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அந்தக் கணக்கில் இன்னும் ஏறாத படங்களும் போன் எண்களும் போனில் இருக்கலாம்.

சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) அழைப்பு என்று சொந்தக்காரர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் வந்தது. தொட்டதும் ஏதோ இன்ஸ்டால் ஆனது, அழைப்பிதழ் தெரியவில்லை. என்ன செய்ய?
– வாசகி, பொன்னமராவதி

இதைப் படிக்கும்போதே போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அழைப்பிதழ் படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும், வீடியோவாக வரும். செயலியாக வராது. கோப்புப் பெயரின் வாலில், புள்ளிக்குப் பிறகு ஏ, பி, கே என்ற மூன்று ஆங்கில எழுத்து இருந்தால் அது செயலி. சொந்தக்காரர் எண்ணிலிருந்து வந்ததே என்கிறீர்கள். அவர் போனில் ஏற்கெனவே அது புகுந்திருக்கும், அங்கிருந்து எல்லோருக்கும் தானே போகும்.

வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் உடனே சொல்லுங்கள். பணம் கைமாறும் முன் தடுக்க வாய்ப்பு இருப்பது ஆரம்ப நேரத்தில்தான்.

பிறகு செட்டிங்ஸ், ஆப்ஸ் போய்ப் பெயர் தெரியாத புதிய செயலியை அழியுங்கள். 'அன்இன்ஸ்டால்' பொத்தான் மங்கலாக இருந்தால், அது நிர்வாகி அனுமதி வாங்கியிருக்கிறது. செட்டிங்ஸ் தேடலில் 'டிவைஸ் அட்மின்' என்று அடித்து அந்த அனுமதியை எடுத்துவிட்டு அழியுங்கள். அப்போதும் முடியாவிட்டால் பவர் பொத்தானைப் பிடித்து, 'பவர் ஆஃப்' என்ற எழுத்தை அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் சேஃப் மோடு கேட்கும். அதில் வெளிச் செயலிகள் ஓடாது, அழிப்பது எளிது. அழித்த பின் நெட்டை இயக்கி, ப்ளே ஸ்டோரில் 'ப்ளே ப்ரொடெக்ட்' திறந்து 'ஸ்கேன்' கொடுங்கள். உங்களுக்கு வரும் போன் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள், தெரியாதது இருந்தால் வெளியேற்றுங்கள்.

இனி நடக்காமலிருக்க: செட்டிங்ஸ் தேடலில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' அடித்து, வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதி இல்லை என்று வையுங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் இது ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. அந்தச் சொந்தக்காரருக்குச் சொல்லும்போது போன் போட்டே சொல்லுங்கள், வாட்ஸ்அப் செய்தி வேண்டாம்.

2014-ல் வாங்கிய டேப்லெட்டில் ப்ளே ஸ்டோர் திறக்கவில்லை.
– வாசகர், கோட்டையூர்

செட்டிங்ஸில் 'அபவுட்' பார்த்து ஆண்ட்ராய்டு 4.4 என்றிருந்தால், அதற்கான கூகுள் ப்ளே சர்வீசஸ் ஆதரவு 2023-ல் முடிந்துவிட்டது. புதிய ப்ளே ஸ்டோர் கோப்பைக் கொண்டுவந்து ஏற்றியும் பயனில்லை. வாட்ஸ்அப்பும் அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழானவற்றைக் கைவிட்டது. பாட்டு கேட்கவும் கல்யாண ஆல்பம் பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலைக்கு வேண்டாம்.

மகளின் ஐபோனில் ஆப் ஸ்டோர் இல்லை. அழித்துவிட்டாளோ?
– வாசகி, ஆத்தங்குடி

அழிக்க முடியாது. முகப்புத் திரையின் நடுவிலிருந்து கீழே இழுத்தால் வரும் தேடலில் அடித்துப் பாருங்கள். வரவில்லையென்றால் செட்டிங்ஸ், 'ஸ்க்ரீன் டைம்', 'கன்டென்ட் அண்ட் ப்ரைவசி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்', 'ஐட்யூன்ஸ் அண்ட் ஆப் ஸ்டோர் பர்ச்சேசஸ்', 'இன்ஸ்டாலிங் ஆப்ஸ்' என்று போய் 'அலவ்' கொடுங்கள். நான்கு இலக்க ஸ்க்ரீன் டைம் எண் கேட்டால், அதை வைத்தவர் உங்கள் வீட்டிலேயே யாரோதான். ஆப் ஸ்டோருக்குத் தனி அப்டேட் கிடையாது, ஐ.ஓ.எஸ். அப்டேட்டோடு சேர்ந்தே வரும்.