அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் ‘ஆன் த ரோட் அகெய்ன்’ பாட்டைக் கேட்டால் ரயிலில் போவது போலத் தோன்றுவது ஏன்?

டிரம்ஸ்தான் காரணம். பிரஷ் குச்சியால் ஓயாமல் தட்டுகிற அந்தத் தாளத்துக்கு கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை வகை) இசைக்காரர்கள் வைத்திருக்கும் பெயரே ‘டிரெயின் பீட்’. தண்டவாளச் சத்தத்தின் நகல். மேலே, நெல்சன் குழுவைச் சேர்ந்த மிக்கி ரஃபேலின் ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்) வேறு!

ஆனால் பாட்டு பிறந்தது விமானத்தில். 1980இல் வெளிவந்த ‘ஹனிசக்கிள் ரோஸ்’ படத்தில், ஊர் ஊராகப் போய்ப் பாடும் கலைஞராக நெல்சனே நடித்தார். அதற்கொரு பாட்டு வேண்டுமென்று விமானத்தில் படக்குழு கேட்க, வாந்தி எடுப்பதற்காக வைத்திருக்கும் காகிதப் பையிலேயே எழுதிவிட்டாராம். மெட்டு பிறகுதான் வந்தது.

வரிகளைப் பார்த்தால் புதிதாக ஒன்றுமில்லை: மறுபடி பயணம், நண்பர்களோடு வாசிப்பது, பார்க்காத ஊர்கள். பயணப் பாட்டென்றாலே வீட்டு ஏக்கம், தனிமை என்று அழ வைப்பார்கள். இவர் கிளம்பத் துடிக்கிறார். அந்த மகிழ்ச்சி நடிப்பல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. அக்கா பாபி பியானோ வாசிக்க, பல்லாண்டு பஸ்ஸிலேயே வாழ்ந்த மனிதர் அவர்.

அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடம், கிராமி விருது, ஆஸ்கர் பரிந்துரை எல்லாம் கிடைத்தன. பாட்டு முழுசாக மூன்று நிமிடம்கூட இல்லை.